மூன்று விரல் ஆழம்

காருக்குச் சம்ப் வாங்க யாழ்ப்பாணம் போனது நான்தான். சம்ப் என்பது எஞ்சினின் அடியில் பூட்டுகிற இரும்புத் தட்டு. எஞ்சின் ஒயில் அதற்குள்தான் தேங்கி நிற்கும். அந்த மாதத்துக்கு முன் அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. உயர்தரத்தில் பௌதிகம் படித்தேன் என்பதைத் தவிர அந்த வேலைக்கு என்னிடம் வேறு தகுதி இருக்கவில்லை.

போயிருக்க வேண்டியவர் என் கணவர். உழவு இயந்திரங்களும் தண்ணீர்ப் பம்புகளும் திருத்துகிறவர் அவர். ஆனால் அது எண்பதுகளின் நடுப்பகுதி. ஆனையிறவில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்குவார்கள். இளம் ஆண்கள் ஒரு வரிசை, பெண்களும் வயதானவர்களும் ஒரு வரிசை. அவருக்கு இருபத்தெட்டு வயது, பிடித்து வைத்துவிடுவார்கள். கைக்குழந்தையோடு வருகிற பெண்ணை நெடுநேரம் நிறுத்தி வைக்க மாட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால் மகளையும் தூக்கிக்கொண்டு நான் போனேன்.

அந்தக் கார் மகளுக்காகத்தான் உருவானது. அவளுக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும் ஆனபோது, காய்ச்சலோடு என் மடியில் கிடந்தவளுக்கு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, உடம்பு பலகைபோல விறைத்தது. உடையார்கட்டில் எங்கள் காணியிலிருந்து பிரதான வீதிக்கு வாய்க்கால் கரையோடு இரண்டு மைல். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி, புதுக்குடியிருப்பு ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது. போய்ச் சேரும்போது வலிப்பு தானாக விட்டு, குழந்தை நித்திரையாகியிருந்தாள். காய்ச்சலுக்கு வருகிற வலிப்பு, இனியும் வரலாம் என்றார் டொக்டர். "சில நேரம் தானா விடும். விடாட்டில் கெதியாக் கொண்டு வரவேணும். இந்த முறை மாதிரிப் பிந்தக் கூடாது."

பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப் போகுமே, அன்றிலிருந்து எனக்குள் அப்படி ஒன்று இருந்தது. சமைத்தேன், தோய்த்தேன், குழந்தையின் நெற்றியை ஒரு நாளைக்கு இருபது தரம் தொட்டுப் பார்த்தேன். அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தொட்டுப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

அடுத்த கிழமை என் கணவர், ஒரு கடையின் பின்வளவில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றின் உடலை இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு, மோதி நொருங்கிய ஜப்பான் வான் ஒன்றின் எஞ்சினை எங்கேயோ தேடிப் பிடித்தார். ஐந்து மாதம் கொட்டிலுக்குள் வேலை நடந்தது. கடைசியில் எஞ்சினைத் தூக்கிக் காருக்குள் இறக்கினால் அது இருக்க மறுத்தது. வானின் சம்புக்கு வயிறு முன்பக்கம். காரின் முன்பக்கத்தில் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் ஓடுகிறது. வயிறு போய்ச் சட்டத்தில் இடித்தது.

"வயிறு பின்னுக்கு இருக்கிற சம்ப் வேணும்," என்றார். "இதே எஞ்சினுக்கு அப்பிடியும் செய்திருக்கிறாங்கள். யாழ்ப்பாணத்தில பழைய சாமான் கடையில கிடக்கும்."

எஞ்சினின் அடி விளிம்பில் ஒரு நாட்காட்டித் தாளை வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி அச்செடுத்தார். போல்ட் துளைகள் எல்லாம் வட்டம் வட்டமாக எண்ணெய்க் கறையோடு பதிந்தன. மேல் பக்கத்தில் 'மேல்' என்றும், முன் நுனியில் 'முன்' என்றும் பென்சிலால் எழுதித் தந்தார். ஒரு நூலில் முடிச்சுப் போட்டும் தந்தார்.

"இந்த முடிச்சு மட்டும் ஆழம் வந்தால் குறுக்குச் சட்டத்தோட சமனா நிக்கும். அதுக்கும் கீழ மூண்டு விரல் தொங்கினாலும் பாதகமில்லை. மூண்டு விரலுக்கு மேல வேண்டாம்."

"கூட ஆழமானது நல்லதோ, குறைஞ்சது நல்லதோ?"

"ரெண்டிலயும் நல்லது இருக்கு, கெட்டது இருக்கு. அங்க என்ன கிடக்குதோ பாத்து எடும்."

பாத்து எடும் என்ற அந்த இரண்டு சொல்லையும் பஸ்ஸில் முழு வழியும் யோசித்துக்கொண்டு போனேன். தாளை விரித்து 'மேல்' எது என்று பார்ப்பேன், மடிப்பேன், மீண்டும் விரிப்பேன். ஆனையிறவில் இறங்கி, நடந்து, ஏறினோம். உப்புக் காற்றில் குழந்தை தும்மியது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

கடைக்காரர் அறுபதை நெருங்கியவர், காதில் ஒரு பென்சில் செருகியிருந்தார். தாளை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"ஆர் எடுத்த அச்சு?"

"என்ர அவர்."

"கை நல்ல கை. ஆளை அனுப்பாமல் உம்மை அனுப்பியிருக்கிறார்."

"அவருக்கு ஆனையிறவு தாண்ட ஏலாது அண்ணை."

அவர் உள்ளே போய், சட்டி பானை உருளுகிற மாதிரிச் சத்தம் கேட்க, இரண்டு சம்புகளோடு வந்தார். தாளை இரண்டின் மேலும் வைத்துக் காட்டினார். துளைக்குத் துளை இரண்டும் சரியாக இருந்தன. இரண்டுக்கும் வயிறு பின்பக்கம்.

ஒன்று தட்டையானது, அகலம். நூலைப் பிடித்தால் முடிச்சுக்குக் கொஞ்சம் மேலேயே அடி நின்றது. மற்றது குறுகலான ஆழமானது. முடிச்சுக்குக் கீழே என் விரல்களை அடுக்கிப் பார்த்தேன். மூன்று விரலும், ஒரு நகத்தின் அளவும்.

"எதை எடுக்கிறது அண்ணை?"

"வண்டி எங்க ஓடப் போகுது?"

"வாய்க்கால் கரை. மண் பாதை."

"அப்ப தட்டையானது. கல்லுக் கட்டியில இடிக்காது." தலையை ஆட்டிவிட்டு அவரே மறுத்தார். "ஆனால் தங்கச்சி, தட்டையானதில ஒயில் பிடிக்கிறது குறைவு. பள்ளம் திட்டியில கார் சரிஞ்சால் ஒயில் ஒரு மூலைக்கு ஓடிப் போம். உறிஞ்சுற குழாய் காத்தைத்தான் உறிஞ்சும். எஞ்சின் வறண்டு இறுகி நிண்டிடும்."

"எங்க நிக்கும்?"

"எங்கயெண்டு நான் என்னெண்டு சொல்லிறது? அது நிக்கிற இடத்தில நிக்கும்." சிரித்தார். "ஒண்டு இடிபடும், ஒண்டு வறளும். கலியாணம் பேசிற மாதிரித்தான். ரெண்டு மாப்பிள்ளையிலயும் குறை இருக்கு, ஆரோ ஒருத்தனைக் கட்டத்தான் வேணும்."

நடுவழியில் எஞ்சின் நிற்பதை நான் நினைத்துப் பார்த்தேன். வாய்க்கால் கரை, இரண்டு பக்கமும் வயல், மடியில் விறைத்த குழந்தை. இடிபடுவதை நினைத்துப் பார்த்தேன். அதைத் தடுக்கலாம் என்று தோன்றியது. பாதை எங்கே உயரம் என்று முன்கூட்டியே பார்த்து வைக்கலாம். உள்ளே ஒயில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யார் பார்ப்பது? குறைவைவிடக் கூட இருப்பது நல்லது என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும். சோறு வடிக்கும்போதும் ஒரு பிடி கூடத்தான் போடுவேன்.

ஆழமானதை எடுத்தேன். ஒயிலை உறிஞ்சும் குழாயையும் கூடவே கழற்றித் தந்தார். அந்தக் குழாய் இல்லாவிட்டால் இது வெறும் சட்டி என்றார். கடை வாசலில் இறங்கிப் பத்தடி நடந்து, திரும்பிப் போனேன். "மாறி எடுக்கப் போறியளோ?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, குழந்தையின் செருப்பை விட்டுவிட்டேனோ என்று பார்க்க வந்ததாகச் சொன்னேன். செருப்பு அவள் காலிலேயே இருந்தது.

திரும்பும்போது ஆனையிறவில் சம்ப் இருந்த சாக்கைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு சிப்பாய் சம்பை வெளியே எடுத்தான். இன்னொருவன், வயது கூடியவன், அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, முட்டியால் அடியில் தட்டி, மோந்து பார்த்தான். வாகனம் தெரிந்தவனாக இருக்க வேண்டும். வயிற்றைத் தடவிக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ் ஏறிய பிறகு, அவன் என்ன சொல்லியிருப்பான் என்ற யோசனை பிடித்துக்கொண்டது. இது பிழையான சம்ப் என்று சொன்னானோ? பரந்தனில் திரும்பிப் பாதி வழி வந்தும் அதே யோசனைதான்.

அவர் சம்பைத் தன் விரலால் அளந்தார். "என்ர விரலுக்கு ரெண்டரைதான் வருது. அளவுக்குள்ளதான்."

"தட்டையானதும் ஒண்டு இருந்தது. அதைத்தான் எடுத்திருக்க வேணுமோ?"

"இது நல்லது."

"நல்லதெண்டால் ஏன் யோசிக்கிறியள்?"

"இஞ்சேரும், நான் யோசிக்கேல்லை. ஒயில் கசியாமல் இடையில வைக்கிற காஸ்கட் அட்டை வெட்டக் கத்தரிக்கோல் எங்கயெண்டு பாக்கிறன்."

பூட்டியபின் எஞ்சின் காருக்குள் இருந்தது, முதற்தரமாக. சம்ப் கீழே தொங்கியது. நிலத்திலிருந்து ஐந்தரை அங்குலம் என்றார். எனக்கு அந்த அளவு போதும். ஐந்தரை அங்குலத்துக்கு ஒரு மரத்துண்டு வெட்டித் தரச் சொன்னேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிரதான வீதி வரைக்கும் இரண்டு மைலும் நடந்தேன். சில்லு ஓடுகிற தடத்தில் மரத்துண்டை நிறுத்தி, குனிந்து, தடங்களுக்கு இடையில் மேடாக நிற்கிற நடுத்திட்டி அதைவிட உயரமோ என்று பார்ப்பேன். இல்லை என்றால் அடுத்த இடம்.

எங்கள் காணிக்கு மேலே, வாய்க்கால் ஓரமாக, மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்றின் வயல் இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணை நான் மேல்காணி அக்கா என்பேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாம்மா அளவெடுக்கிறீங்க? ரோட்டுக்கு ரவிக்கை தைக்கப் போறீங்களா?"

"கார் போகுமோ எண்டு பாக்கிறன் அக்கா."

"ஒடுக்கமாத் தைச்சிறாதீங்க. மழைக்கு ஊதிப் போயிரும்."

இரண்டு இடத்தில் நடுத்திட்டி உயரமாக இருந்தது. என் கணவர் போய் மண்வெட்டியால் செதுக்கிவிட்டு வந்தார். அடுத்த நாள் நான் மீண்டும் நடந்து பார்த்தேன். எல்லா இடமும் சரி. அதற்கடுத்த நாளும் நடந்தேன்.

நல்ல நாள் பார்த்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, காரை எடுத்தோம். வீதி வரை போய்த் திரும்பினோம். அடியில் ஒன்றும் இடிக்கவில்லை. பக்கத்துக் காணிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பதினெட்டு நிமிடம் என்று மட்டும் நினைத்தேன். வாசலிலிருந்து வீதி வரை பதினெட்டு நிமிடம்.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். அங்கே தண்ணீர் கிணற்றிலிருந்து வரும். ஒழுங்கை எப்போதும் ஒழுங்கையாகவே இருக்கும். வன்னியில் கோடைகாலச் சிறுபோக நெல்லுக்குக் குளத்துத் தண்ணீர் விட்டதும் பாதையும் வாய்க்காலாகும் என்று எனக்குத் தெரியவில்லை. பாதைக்கு அந்தப் பக்கம் வயல் உள்ளவர்கள், தங்கள் தண்ணீர் முறை வருகிற நாளில் பாதையைக் குறுக்கே வெட்டி, இரண்டு கரையிலும் களிமண் வரம்பு போட்டுத் தண்ணீரைக் கடத்துவார்கள். முறை முடிந்தால் மூடிவிடுவார்கள். வண்டில் ஏறிப் போகும், உழவு இயந்திரம் ஏறிப் போகும், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். யாருக்கும் அது தடையே இல்லை. அந்தப் பாதையில் கார் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். என் கணவர் அங்கேயே வளர்ந்தவர். வருடா வருடம் பார்த்த விஷயம் என்பதால் அது அவர் கண்ணில் படவே இல்லை. நான் மாசியில் அளந்த பாதை வைகாசியில் அங்கே இருக்கவில்லை.

வைகாசியில் ஒரு நாள் விடியவே மகளுக்குச் சூடு. மருந்து கொடுத்தேன், ஈரத்துணியால் துடைத்தேன். போவோம் என்று இரண்டு தரம் சொன்னேன், கொஞ்சம் பாப்பம் என்று இரண்டு தரம் நானே சொன்னேன். மத்தியானம் இரண்டு மணிக்கு வலிப்பு வந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆகியும் விடவில்லை.

காரில் ஏறினோம். கால் மைல்கூடப் போகவில்லை. மேல்காணி அக்காவின் வயலுக்கு நேரே பாதைக்குக் குறுக்கே புது வரம்பு இரண்டு, நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வரம்பு ஆறேழு அங்குல உயரம் இருக்கும். அவர் பிரேக் பிடித்து இறங்கிப் போய்ப் பார்த்தார்.

"தட்டும்," என்றார்.

"தட்டினால்?"

"சம்ப் வெடிச்சால் ஒயில் முழுக்கப் போம். வீதிக்குக்கூடப் போய்ச் சேராது."

"வெட்டுங்கோவன்."

அவர் வெட்டவில்லை. வெறும் கையோடு நின்றார். மண்வெட்டி இல்லாததால் மட்டுமல்ல. இன்னொருவரின் முறையில் அவர்களின் வரம்பை வெட்டுவது அங்கே சாதாரண காரியம் அல்ல. அதற்காக மண்டை உடைந்த கதைகள் உண்டு. ஐந்து மாதம் கார் கட்டியவர், அந்த வரம்பின் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைபோல நின்றார். நான் குழந்தையோடு இறங்கினேன். ஒரு கையால் களிமண்ணைப் பிய்க்கத் தொடங்கினேன். அது வரவில்லை. நகத்துக்குள் மட்டும் போனது.

மேல்காணி அக்கா வயலுக்குள்ளிருந்து ஓடி வந்தார். ஏச்சு வரப் போகிறது என்றுதான் நினைத்தேன். குழந்தையின் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமாச்சு?"

"பத்து நிமிசம்."

"தள்ளி நில்லுங்கம்மா."

ஏழெட்டு வெட்டில் முதல் வரம்பு போனது. பிறகு மற்றது. தண்ணீர் சில்லுத் தடம் இரண்டிலும் பரவி, கழிவு வாய்க்கால் பக்கமாக இறங்கி ஓடியது. அவருடைய முறை தொடங்கி அரை மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. மண்வெட்டியின் முதுகால் சேற்றைத் தட்டிச் சமன்படுத்திவிட்டு, "போங்க, போங்க! ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க!" என்று என் கணவரைப் பார்த்துக் கத்தினார்.

கார் சேற்றில் வழுக்கி ஏறியது. அடியில் ஏதோ நீளமாக உரசியது. "கல்லில்லை, சேறுதான்," என்றார் அவர். சிறிது தூரம் போய், "ஒயில் விளக்கு எரியேல்லை," என்றார். நான் குழந்தையின் வாயோரம் நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆசுப்பத்திரியில் ஊசி போட்டதும் வலிப்பு விட்டது. அதற்குள் முக்கால் மணித்தியாலம் கடந்திருந்தது. "இனியும் பிந்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பனோ தெரியாது," என்றார் டொக்டர். ஓம் என்றேன். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். என் சேலைக் கரையில் களிமண் காய்ந்து கிடந்தது. கட்டில் ஓரத்தில் இருந்து அதை உரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை மகள் எழுந்து சாப்பிடப் பாண் கேட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினாள். அதை எத்தனை தரம் சோதித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பின்னேரம் மேல்காணி அக்காவிடம் போனேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன்.

"புள்ள எப்பிடி?"

"சுகம் அக்கா."

"அப்ப சரி."

"உங்கட தண்ணி..."

"அது போனது போனதுதான். ஒங்க காருக்கு மொதல்ல வயித்தக் கொறைக்கச் சொல்லுங்க. மாசமா இருக்கிற மாதிரித் தொங்குது."

வரம்பைத் திரும்பக் கட்டி முடிக்கிறதுக்குள் அவருடைய முறை முடிந்துபோயிருந்தது. அடுத்த முறை அவருக்கு ஒன்பது நாள் கழித்துத்தான். வறட்டுச் சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வயலின் மேல் மூலை வெடித்து, பயிர் நுனி மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அது எங்கள் குசினி யன்னலிலிருந்து தெரியும்.

"மற்றச் சம்பையே எடுத்திருக்க வேணும்," என்றேன் கணவரிடம்.

"எடுத்திருந்தால், அது வறண்டு நிண்டிடுமோ எண்டு இப்ப யோசிச்சுக்கொண்டிருப்பீர்."

"அது தட்டியிராது."

"ஓம், தட்டியிராது." யன்னலால் அந்த மூலையைப் பார்த்தார். "தண்ணி விட்டால் வரம்பு கட்டுவினம் எண்டு எனக்கு ஏன் நினைவு வரேல்லை? அதைச் சொல்லும் பாப்பம்."

சம்பை மாற்றவில்லை. அவர் பழைய குழாய் ஒன்றைக் கொண்டு வந்து, அந்த இடத்தில் பாதைக்கு அடியால் தாட்டுவிட்டார். இனித் தண்ணீர் கீழால் போகும், கார் மேலால் போகும்.

நாலாம் நாள் எங்கள் முறை வந்தது. அவர் வயலுக்குப் போக முன்னமே நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் மகளை வாங்கிக்கொண்டார். வாய்க்காலில் மேல்காணிக்குத் தண்ணீர் இறங்குகிற வாயைத் திறந்துவிட்டேன். எங்கள் தண்ணீர் அந்த மூலைக்குள் இறங்கியது. வெடிப்புகளுக்குள் அது போகிற சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அரை மணித்தியாலத் தண்ணீரை அன்று எடுத்தார்கள், மிச்சம் போனது. அந்த மிச்சம் எவ்வளவு? வெயிலுக்கு வற்றியது எவ்வளவு? பயிரின் கழுத்து வரை வந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நின்றேன்.

மேல்காணி அக்கா சோற்றுக் கையோடு வரம்பில் வந்து நின்று பார்த்தார்.

"போதும்மா. மூடுங்க."

"இன்னும் கொஞ்சம் விடட்டோ அக்கா?"

"விட்டா வேர் அழுகிப் போயிரும். போதும்னா போதும்."

நான் ஒரு மண்கட்டியை வைத்தேன். ஓரத்தால் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. அது போதுமோ, இன்னொன்று வைக்க வேண்டுமோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா இறங்கி வந்து, காலால் இரண்டு கட்டியைத் தள்ளி, மிதித்து மூடிவிட்டு, சாப்பிடப் போனார்.